வெள்ளைக்காரர் வண்டியில் ஒரு புளியங்கொட்டை

என் தம்பிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் வெள்ளிக்கிழமை விடிந்தால், பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய் அந்த வண்டியின் முகத்தைத்தான் பார்ப்பான். கழுவுவான், துடைப்பான், உறை போட்டு மூடுவான். சென்னையிலிருந்தெல்லாம் வந்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களையும் செருப்பைக் கழற்றச் சொல்கிறான். போன தை மாதம், முழங்கால் வலிக்கிறதே என்று அதன் சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன்.

"அக்கா, எழுந்திரு. பழைய சீட்டு, கிழிஞ்சிடப் போவுது."

"நான் மட்டும் புதுசாடா? என்னிய எவன்டா உறை போட்டு மூடி வெக்கிறான்?"

சிரித்தான். ஆனாலும் எழுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தான். இந்த வண்டி அன்றைக்கு ஒருநாள் ஓடாமல் இருந்திருந்தால் நீயே இல்லையடா என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் நான் திருடிய கதையையும் சொல்ல வேண்டும். அதனால் விழுங்கிவிட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. திருத்தணிக்கு வெளியே, ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் பயிர் வைத்தார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியநைனா, பம்புசெட்டு ரிப்பேர் பார்ப்பார். கனகம்மாசத்திரத்தில் நின்றுபோன ஒரு வெள்ளைக்காரர் வண்டியை மாடு கட்டி இழுத்துவந்தது அவர்தான். அதில் வந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். உடைந்த சாமான் இங்கே கிடைக்காது, ஊருக்குப் போய் ஆறு மாதத்தில் கொண்டுவருகிறோம், அதுவரை வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையாலேயே பேசிவிட்டு, சாவியைக் கொடுத்து ரயிலேறிவிட்டார்கள்.

வண்டிக்குள் ஒரு வீடே இருந்தது. மடக்குக் கட்டில், இரண்டு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எங்கள் வீட்டில் திரை எங்கே இருந்தது? மூடுகிற கதவே ஒன்றுதான்.

பெரியநைனா உடைந்த சாமானைத் தானே செய்து போட்டு, இரண்டே மாதத்தில் வண்டியை ஓட வைத்துவிட்டார். சண்டையும் அன்றைக்கே தொடங்கியது.

"ணா, கிருத்திகைக்கு அம்மையார்குப்பத்துலேர்ந்து ஜனம் நடந்தே வந்துகினு இருக்குது. நாலு ட்ரிப் அடிச்சா இன்னா கெட்டுப்போவும்? சும்மா நிறுத்தினா துருதான் துன்னும்" என்றார் நைனா.

"அடுத்தவன் பொருளுடா. குடுத்தப்போ எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே குடுக்கணும்" என்றார் பெரியநைனா.

தினமும் இதே பேச்சு. ஒருநாள் பெரியநைனா திருத்தணி மலைக்குப் போய்விட்டு வந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து ஸ்டீரிங்கில் கட்டிவிட்டார். உடையவர் கையில் சாவி போகிறவரை இதில் யாரும் ஏறிப் போகக் கூடாது என்று முருகனுக்குக் கொடுத்த வாக்கு அது. நைனாவின் வாய் அதோடு மூடியது. சாமி முடிச்சை எங்கள் பக்கத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் பெரியநைனா தனியாக ஒன்று சொன்னார்: "இதுல எவனாவது கை வெச்சான், முருகரு வேல எடுத்துகினு நேரா வூட்டுக்கே வந்துடுவாரு. ரத்தம் பாக்காம போவமாட்டாரு."

வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவுவார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறும விடுவார். முடிச்சுக்குச் சந்தனம் வைப்பார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவர் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது நான் உள்ளே ஏறி முடிச்சை அவிழ்த்தேன். வேல் வருகிறதா என்று மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வரவில்லை. காசை எடுத்துக்கொண்டு, பெரிய புளியங்கொட்டையாகப் பார்த்து உள்ளே வைத்துக் கட்டினேன். எட்டு வயதுக் கைக்குக் காசும் கொட்டையும் ஒன்றாகத்தான் இருந்தன.

அந்த ரூபாயில் நாலைந்து நாள் கமர்கட்டு தின்றேன். அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அவள் வாயிலும் ஒன்று போட்டேன். ஏதுடீ என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியநைனா சந்தனம் வைக்கும்போது முடிச்சை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவேயில்லை. கொட்டகை மூலையில் நின்ற நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. விடியலில் சேவல் கூவினால், முருகனின் கொடி கிளம்பிவிட்டது. மயில் அகவினால், வாகனமும் கிளம்பிவிட்டது. பாக்கி இருப்பது வேல் ஒன்றுதான் என்று போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. உச்சிவேளையில் மருத்துவச்சி வெளியே வந்தாள்.

"கொழந்த குறுக்க கெடக்குது. என் கையில ஆவாது. அரக்கோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போங்க, இப்பவே."

அவள் கைத்துணியில் ரத்தம் இருந்தது. நான் மலையைப் பார்த்தேன். அங்கிருந்து மேளம் கேட்டது.

ஊரில் இருந்த மாட்டுவண்டி எல்லாம் காவடிக்குப் போய்விட்டன. பஸ்கள் கூட்டத்தில் சிக்கி எங்கேயோ நின்றன. பெரியநைனா யாரையும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய் தார்ப்பாயை இழுத்து எறிந்தார்.

"அவள ஏத்துடா."

வண்டியை ஓட்டு ஓட்டு என்று அத்தனை நாள் சண்டை போட்ட நைனாதான் முதலில் பின்வாங்கினார். "முடிச்சு கீதேணா..."

அம்மா பெரியநைனாவைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். கட்டிலில் கிடந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "வாணாங்க பாவா. சாமி முடிச்சு. நான் ஏறினா கொழந்தைக்கு ஆவாதுங்க."

"வாக்கு குடுத்தவன் நானு. வர்ற பாவம் எனக்கு. எழுந்திரும்மா" என்று கெஞ்சினார். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் அம்மா செத்துவிடுவாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினேன்.

"அதுல காசு இல்ல! புளியங்கொட்டதான் கீது! காசுல கமர்கட்டு வாங்கித் துன்னுட்டேன். அம்மாவுக்கும் குடுத்தேன்!"

கன்னத்தில் விழப்போகும் அறைக்காகக் காத்திருந்தேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பெரியநைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் போய் முடிச்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஆங், எனக்கும் தெரியும். அன்னிக்கே அமுக்கிப் பாத்தேன், கொட்டதான் இருந்துச்சு. காசு இல்லாத முடிச்சு வெறுந்துணி. வாக்கு அப்பவே போயாச்சு. தூக்குடா!"

அம்மா சட்டத்தை விட்டாள்.

என்னையும் ஏற்றிக்கொண்டார்களா, நானே ஏறினேனா, தெரியாது. சாலை முழுக்க மஞ்சள் வேட்டி. எதிரே வந்தவர்கள் தோளில் காவடி, கையில் வேல், நாக்கில் குத்திய வேல். அத்தனை வேலும் என்னைத் தேடித்தான் வருகின்றன என்று நினைத்தேன். அரோகரா என்ற சத்தம் ஜன்னலில் மோதியது. நான் மடக்குக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். மேலே அம்மா அலறினாள். முன்னால் பெரியநைனா ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. காதைப் பொத்திக்கொண்டு, இனிமேல் கமர்கட்டே தின்னமாட்டேன் முருகா என்று சொல்லிக்கொண்டே போனேன். வண்டி அரக்கோணத்தில் நின்றபோது அதை எத்தனை தடவை சொன்னேன் என்று முருகனுக்கே தெரிந்திருக்காது.

தம்பி பிழைத்தான். அம்மாவும் பிழைத்தாள்.

பெரியநைனா கட்டிலில் இருந்த ரத்தத்தைக் கழுவி, வண்டியை மறுபடியும் தார்ப்பாயால் மூடினார். மூன்றாம் நாள் மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது தலையும் மீசையும் மழித்திருந்தன. ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட மீசை அது. கோயிலைச் சுற்றி உருண்டதில் இரண்டு தோளும் தோல் உரிந்திருந்தன.

"மீச எங்க பெரிநைனா?"

"முருகரு கேட்டாரு, குடுத்துட்டேன்."

தம்பி பிறந்த சந்தோஷத்துக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். திருட்டுக்காக என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வரவேயில்லை. அவர் சாகிறவரை அந்த வண்டியில் வேறு யாரும் ஏறவும் இல்லை.

போன மாதம் தம்பி ஸ்டீரிங்குக்குப் புது உறை வாங்கிவந்தான். பழைய மஞ்சள் துணியை அறுக்க அவனுக்குப் பயம். பாவம் வந்தால் கிழவிக்கு வரட்டும் என்று என்னைக் கூப்பிட்டான். சந்தனம் ஏறி ஏறி அந்தத் துணி மரப்பட்டை போல இறுகியிருந்தது. கத்தியால் நெம்பினேன். முதலில் என் புளியங்கொட்டை மடியில் விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு ரூபாய்க் காசு விழுந்தது.

"இது யாருக்கா வெச்சது?" என்றான் தம்பி.

அமுக்கிப் பார்த்த அன்றைக்கே பெரியநைனா இதை வைத்திருக்க வேண்டும். நான் பழைய சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தவன் இந்தத் தடவை எழுப்பவில்லை.

அந்த மொட்டைத் தலையைத் தடவி, மீசை இருந்த இடத்தைக் காட்டிக் காட்டி, உரித்த பனங்கிழங்கு என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான்.