மையவாடியில் விழுந்த களிமண்

நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, நானும் இதையெல்லாம் நம்பாத ஆள்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மன்னாரில் கருவாடு காயவைத்து, புத்தளத்தில் உப்பு அள்ளி, கட்டாரில் கம்பி கட்டித் திரிந்தவன். படுக்க இடம் கிடைக்காத நாட்களில் மையவாடி மதிலோரம்கூடத் தூங்கியிருக்கிறேன், நுளம்பு கடித்ததே தவிர ஜின்னும் வரவில்லை, பேயும் வரவில்லை. மௌத்தானவர் போனால் போனதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் போன வருஷம் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், அஸர் தொழுத கையோடு, நல்ல வெயிலில் நடந்த இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்.

யுத்த காலத்தில் நானும் ஆதம்பாவாவும் ஊர்க்காவல் படையில் ஒன்றாக இருந்தோம். சவளக்கடைப் பக்கத்து வட்டையில் வேளாண்மை செய்கிறவர்களுக்குக் காவல். ஆளுக்கொரு சொட்கன் துவக்கு, காலுக்குச் செருப்பில்லை. ஒருநாள் விடியச் சாமம் வெடி விழுந்து பாவா வரம்பிலேயே மௌத்தானான். ஊரடங்கு நேரம். உழவு மெசினில் ஊருக்குக் கொண்டுவந்து, நாலே நாலு பேர் தொழுகை நடத்தி, மருதமுனைக் கடற்கரை மையவாடியில் அடக்கினோம். அடையாளத்துக்குத் தலைமாட்டில் மீஸான் கட்டையை ஊன்றியது நான்தான். அவனுடைய பெண்சாதிக்கு அப்போது ஏழு மாதம்.

மறுகா நான் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். கடல் பொங்கி வந்த அன்று மையவாடியில் இருந்த கட்டைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக மௌத்து. பாவாவுடைய கபுறு எது என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம், எனக்கும் தெரியாது.

இது தெரியாமல், நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்று கேள்விப்பட்டு அவன் மகள் ஜெஸீமா புத்தளத்தில் இருந்து வந்தாள். அங்கேதான் கலியாணம் முடித்திருக்கிறாள். உம்மா மௌத்தாகும்போது "அவருக்குத்தான் தெரியும், அவரிட்டக் கேளு" என்று என் பெயரைச் சொன்னாளாம். கபுறில் ஊன்றுவதற்குப் புதுக் கட்டையும் செய்து வான் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். பிறந்ததில் இருந்து வாப்பாவின் படத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காதவளிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஓம் மகள், வா காட்டுறன் என்று கூட்டிப்போனேன்.

எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்குள் வருவதில்லை. அவள் மதிலுக்கு வெளியே நின்றாள், நான் கட்டையையும் தோண்டுவதற்கு அலவாங்கையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மணலில் பள்ளமாகத் தெரிந்த ஓர் இடத்தில் நின்றேன்.

"இதுதான் மகள்."

சொல்லி வாய் மூடவில்லை, முதுகில் தொப்பென்று ஒன்று விழுந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. முன்னால் கடல், பின்னால் மணல்.

"ஆரு மாமா எறியிற?"

"ஒண்டுமில்ல மகள், குரும்பை விழுந்த."

"அங்க எங்க மாமா தென்னை?"

குனிந்து பார்த்தேன், களிமண் கட்டி. வயல் மண், கறுப்பு. காவலில் நாங்கள் விசிலும் அடிக்கக்கூடாது, லைட்டும் பிடிக்கக்கூடாது, வரம்பின் இரண்டு தலைப்பிலும் இருந்துகொண்டு கட்டி எறிந்துதான் பேசிக்கொள்வோம். நான் எறிந்தால் தண்ணீரில் விழும். பாவா எறிந்தால் தோள்பட்டைக்கு நடுவில், ஒரு விரல்கூடத் தவறாது. கேட்டால் "நித்திரைக்கு மருந்து மச்சான்" என்று சிரிப்பான். இதுவும் அதே இடத்தில்தான் பட்டது.

அலவாங்கை ஓங்கினேன். கடல் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு காலடி தள்ளி இரண்டாவது கட்டி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, அதன் பக்கத்திலேயே மூன்றாவது. அலவாங்கைக் கீழே வைத்தேன்.

"மகள், நான் பொய் சொன்ன. வாப்பாட கபுறு எதெண்டு எனக்குத் தெரியா."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நின்றேன். மதிலைப் பிடித்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"உங்களுக்குத் தெரியாட்டி என்ன, தெரிஞ்ச ஆரோ காட்டுறாங்க. அங்க போய் ஊண்டுங்க மாமா."

போனேன். கட்டி விழுந்த இடத்தில் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் உளுத்துப்போன கட்டை ஒன்றின் அடித்துண்டு தட்டுப்பட்டது. நான் ஊன்றியதுதான் என்று சத்தியம் பண்ணமாட்டேன், எல்லாக் கட்டையும் உளுத்தால் ஒன்றுபோலத்தான். ஆனால் அதற்குப் பிறகு கட்டி விழவில்லை. புதுக் கட்டையை ஊன்றினேன். மதிலுக்கு அங்கால் நின்று அவள் ஸலாம் சொன்னாள், பிறகு தன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வாப்பாவைக் கேட்க வைத்தாள். முக்காட்டுக்குள் சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். எனக்கும் நெஞ்சு லேசானது. இத்தனை வருஷம் ஊர் ஊராகத் திரிந்ததில் இப்படிப் பசியெடுத்துச் சோறு தின்றது அன்றைக்குத்தான், இரண்டு கோப்பை.

போகும்போது கட்டி ஒன்றைக் கேட்டாள், மதிலுக்கு மேலால் கொடுத்தேன். கையில் வாங்கியதும் "இது நனஞ்சிருக்கே மாமா" என்றாள். சிறுபோக வேளாண்மை வெட்டி, வட்டையெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்த நாள் அது.

பள்ளிவாசலில் கேட்டால் ஜின்னுடைய வேலையாக இருக்கும், ஓதி ஊது என்கிறார்கள். ஓதினேன். நித்திரை நன்றாகத்தான் வருகிறது, பயமும் இல்லை. ஆனால் ஜெஸீமா போன் எடுத்தால் மட்டும் அந்தப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று இருக்கும். நேற்றும் எடுத்தாள். பிள்ளைகள் சுகம், மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"யன்னலில வெயில் படுற இடத்திலதான் வெச்சிரிக்கன் மாமா. ஒரு வருஷமாச்சி. அந்தக் கட்டி இன்னும் காயல்ல."