முப்பது அடிக்குள்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். கானா நாட்டில், அக்ரா நகரின் டெஷிப் பகுதியில், என் வாடகை வீட்டில், போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நடந்தது இது. அன்று நான் குடித்திருக்கவில்லை. சாப்பிட்டது கென்கே என்கிற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும்தான்.

குடிவந்தபோதே சுவரில் ஒரு பழைய ரவுட்டர் இருந்தது. வீட்டுக்காரர் லோமோட்டே செத்து இரண்டு மாதம். "வருஷச் சடங்கு முடியறவரை அவர் மாட்டுனதைக் கழட்டாதப்பா" என்றார், பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்ட அவர் மனைவி கோர்கோர் அம்மா.

என் நாலு வயது மகள் டெடேயின் அறையில் கேமரா மாட்ட டெட்டே வந்தான். அவனுடைய அட்டையில் 'தலைமை வலைப் பாதுகாப்பு நிபுணர்' என்றிருக்கும். அவன் தலைமையின் கீழ் ஓர் ஏணி மட்டும் உண்டு.

"பாஸ்வேர்டு 1234ஆ? தெருவுல போறவன்லாம் உங்க பொண்ணைப் பாப்பான் அண்ணே."

"பெரியவர் வச்சது. ஒரு வருஷம் இருக்கட்டும்."

"சரி, விடுங்க. இதோட சிக்னல் முப்பது அடிதான். வர்றவன் அதுக்குள்ள நின்னாகணும்."

இரவு 7:40. மனைவி ஆஸ்பத்திரி வேலையில். சமையலறையிலிருந்து போனில் பார்த்தேன். டெடே தூங்கிக்கொண்டிருந்தாள்.

க்ர்ர்ர்க்...

கேமரா தானாகத் திரும்பியது. குழந்தையை விட்டுத் தரையைப் பார்த்தது.

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தேன். என் போன். கேமரா. மூன்றாவதாக, 'லோமோட்டே'.

கேமரா மாட்டிய டெட்டேயைப் போனில் அழைத்தேன். "பாஸ்வேர்டை மாத்துங்கண்ணே. ஓடிருவான்."

மாற்றி, என் போனையும் கேமராவையும் மறுபடி இணைத்தேன். 7:46. பட்டியலில் இரண்டு.

7:47. மூன்று.

"திரும்ப வந்துட்டான்டா."

"அது... முடியாதே." நிபுணர் போனை வைத்துவிட்டார்.

கேமராவில் ஒரு செருமல்.

"பாப்பா... கீழ வா."

ஓடினேன்.

டெடே தரையில் படுத்திருந்தாள். காதைச் சிமெண்டில் வைத்தபடி.

ரவுட்டரைப் பிடுங்கி எறிந்தேன். 7:51.

"சும்மாரு அப்பா. பேசிட்டிருக்காரு."

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன்.

மறுநாள் கோர்கோர் அம்மாவிடம் போனேன். "அவரோட போன் இப்ப யார்கிட்ட இருக்கும்மா?"

"அவர்கிட்டதான். சார்ஜ் ஏத்தி கையிலயே குடுத்துட்டோம்."

"எந்த இடுகாட்டுல..."

அசட்டுக் கேள்வி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க வம்சத்துல வீட்டாளை வெளிய அனுப்புறதில்லப்பா. ஊருக்காக இடுகாட்டுக்குப் போனது வெறும் பெட்டி."

வாடகை பேசிய அன்று, அந்த அறையில் மட்டும் தரை புதுசாக இருக்கிறதே என்று மெச்சியவன் நான்தான். குழந்தைக்கு அந்த அறையையே கொடுப்போம் என்றதும் நான்தான்.