மாமா காதில் விழுந்த இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் படிப்பது என்றால் சத்தமாகப் படிப்பதுதான். வாய்க்குள் படித்தால் அது படிப்பில் சேராது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே என் குரல் கேட்கிறதா என்று மட்டும் கவனிப்பாள். குரல் நின்றால், "ஏளா, தூங்குதியா?" என்று சத்தம் வரும். அதனால் புரிந்ததையும் புரியாததையும் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஏழாம் வகுப்பில், பள்ளி திறந்த சூட்டோடு ஆக்டிவ் வாய்ஸும் பாசிவ் வாய்ஸும் வந்து சேர்ந்தன. செய்தவனை முன்னால் நிறுத்தினால் ஆக்டிவ், செய்யப்பட்டதை முன்னால் இழுத்து வந்தால் பாசிவ் என்று சொல்லிவிட்டு, டீச்சர் தினமும் பத்து வாக்கியங்களை மாற்றிவரச் சொல்வார். இலக்கணப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குக் கொல்வதிலும் உடைப்பதிலும் அப்படி என்ன ஆசையோ! வேடன் சிங்கத்தைக் கொல்வான். பையன் கண்ணாடியை உடைப்பான். புயல் கப்பலை அழிக்கும். எல்லாவற்றையும் நான் தலைகீழாக்க வேண்டும்.

வீட்டில் என் இங்கிலீஷ் புரிந்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. தாத்தா இறந்த பிறகு எங்களோடு தங்கிப் பிளஸ் டூ முடித்திருந்தார். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம் சேர இடமும் கிடைத்திருந்தது. படித்து முடித்துத் துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஏஜென்சி ஆபீஸில், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அப்பாவின் பைபர் படகில் அப்போது ஆள் குறைவு. "படிப்பு எங்கயும் ஓடிப்போவாது மாப்ளே. இந்த ஒரு வருசம் தொழிலுக்கு வா" என்று அப்பா சொல்லிவிட்டார். சோறு போடுகிறவர் சொன்னால் சொன்னதுதான். மாமாவுக்கோ கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், கரை மறைந்ததும் வாந்தி எடுத்தார். மீனுக்குத் தீனி போடுகிறான் என்று படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் போய் ராத்திரி வலை விட்டு, மறுநாள் மத்தியானம் கரைக்கு வருகிற தொழில் அது. வர மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. காய்ச்சல் என்றால்கூடக் கடல்காற்று பட்டால் சரியாகிவிடும் என்பார். ஆனால் சகுனம் சரியில்லை என்றால் மறுபேச்சு கிடையாது. கடலுக்குப் புறப்படும் ஆள் காதில் உடைந்தது, கவிழ்ந்தது, செத்தது என்ற சொல் விழக் கூடாது. விழுந்தால் அன்றைக்கு அந்த ஆள் படகில் ஏறக் கூடாது. இந்த விஷயத்தில் அப்பா மாதா கோயில் உபதேசியாரைவிடக் கண்டிப்பு.

ஒருநாள் அப்பா முன்னதாகவே கடற்கரைக்குப் போயிருந்தார். மாமா தண்ணீர்க் கேனும் சோற்றுத் தூக்குமாகப் படியிறங்கினார். நான் வாசலில் உட்கார்ந்து, "தி ஷிப் வாஸ் டெஸ்ட்ராய்டு பை தி ஸ்டார்ம்" என்று முழங்கினேன். மாமா நின்றார்.

"என்ன படிச்ச? திருப்பிப் படி."

படித்தேன். மாமா கேனைக் கீழே வைத்தார்.

"யக்கா, இங்கன வா. கப்பல் புயல்ல அழிஞ்சிபோச்சின்னு சொல்லுதா ஒம் மவ. நான் எப்பிடிப் போவ?"

அம்மா அகப்பையோடு வந்தாள். என் முதுகில் இரண்டு விழுந்தது. கேட்ட காதுக்குத்தான் விலக்கு. அப்பா கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. படகு ஓர் ஆள் குறைவாகப் போனது.

அன்று இருட்டியதும் மாமா கடைக்குப் போய் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவந்து என் கையில் வைத்தார். அடிபட்ட பிள்ளைக்கு ஆறுதல் என்று நினைத்துத் தின்றேன். பிறகு என் வாக்கியங்களைத் திருத்திக்கொடுத்தார்.

"நான் கடலுக்குப் போறேன். இத பாசிவ்ல மாத்து பாப்போம்."

"போறதுக்கெல்லாம் பாசிவ் கெடையாது மாமா. டீச்சர் சொல்லிருக்காவ."

"ஏன் கெடையாது? நான் கடலுக்கு அனுப்பப்படுறேன்."

"தப்பு, தப்பு!" என்று நான் கைகொட்டினேன். மாமாவும் சிரித்தார். பக்கத்தில் இருந்த அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பையன் கண்ணாடியை உடைத்தான், மாமா நின்றுவிட்டார். இன்னொரு நாள் வேடன் சிங்கத்தைக் கொன்றான், அதற்கும் நின்றுவிட்டார். "எங்கயோ காட்டுல சிங்கம் செத்தா நமக்கென்னளா?" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். கத்தினாரே தவிரச் சகுனத்தை மீறச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. "ஆளு எறங்குத நேரம் நல்லதாப் படிக்கச் சொல்லு ஒம் பிள்ளய. தமிழ்லயும் சேத்துச் சொல்லச் சொல்லு" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானே நல்ல வாக்கியங்களை இட்டுக்கட்டினேன். உண்மையில் அப்போதுதான் பாசிவ் வாய்ஸ் எனக்குப் பிடிபட்டது.

கல்லூரியில் சேர மாமாவுக்கு ஒரு கடைசி நாள் குறித்திருந்தார்கள். அன்று காலையில் அவர் கரையில் இருந்தால் போதும். யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னால் அவள் அத்தானிடம் போய் நிற்பாள், வீட்டில் சண்டை வரும் என்று பயந்திருக்கிறார். பல வருடம் கழித்து, பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொல்லி, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்று மாமாவுக்குச் சொந்தப் படகு இருக்கிறது. வாந்தி எப்போதோ நின்றுவிட்டது. என்னை ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது.

அந்தக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அப்பாவும் வாசலிலேயே நின்றார். மாமா படியிறங்கி வந்தவர், என் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னைக்கு என்ன பாடம்ளா? படி, கேப்போம்."

எழுந்து நின்றேன். "மெனி பிஷ் வேர் காட் பை மை அங்கிள். மாமாவால் நிறைய மீன்கள் பிடிக்கப்பட்டன."

அப்பா முகம் மலர்ந்தது. மாமா நகரவில்லை.

"டீச்சர் குடுத்தது ஏதும் இல்லியா?"

அவர் கண் என் புத்தகத்துக்குப் போனது. நான் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "அவர் போட் இஸ் ப்ளெஸ்ட் பை மாதா. எங்கள் படகு மாதாவால் ஆசீர்வதிக்கப்படுகிறது."

"இன்னொன்னு படி." மாமாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

என் இங்கிலீஷைக் கேட்க அவருக்கு ஆசை தீரவில்லை என்று நினைத்தேன். அடுத்த நல்ல வாக்கியத்தை இன்னும் சத்தமாகப் படித்தேன்.