அப்பா தள்ளிவைத்த ஞானஸ்நானம்

அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அப்பாவோடு நெல் மூட்டை சுமந்தவர்களுக்கும், எங்கள் பங்குக் கோயில் மக்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். படிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்படி எழுதச் சொன்னார் அம்மா. என்னால் நடந்ததைத்தான் எழுத முடிந்தது.

பேராவூரணிக்கு வடக்கே, நிலமில்லாத குடும்பத்தில் நான்காவது பிள்ளையாக அப்பா பிறந்தார். இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆடு மேய்த்தார், நாற்றுக்கட்டு தூக்கினார், பிறகு அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கடைசி நாள்வரை அதுவே அவர் வேலை. மூட்டை இறங்கியே அவர் பிடரித் தோல் தடித்துக் கறுத்திருக்கும். தரையில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளி, அதே விவசாயியின் சாக்கில் போட்ட பிறகுதான் அடுத்த மூட்டையைத் தொடுவார்.

அம்மா பிறப்பிலேயே கத்தோலிக்கர், அப்பா இந்து. பங்குச் சாமியாரின் அனுமதியோடு மாதா கோயிலில்தான் திருமணம் நடந்தது. பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். துணைக்கென்று ஞாயிறு பூசைக்குப் போகத் தொடங்கிய அப்பா, சில ஆண்டுகளில் அம்மாவுக்கு முன்பே கிளம்பி நிற்பவராக மாறிவிட்டார். எப்போதும் கடைசி பெஞ்சு. எல்லோரும் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க எழுந்து போகும்போது அவர் மட்டும் முழங்காலில் இருப்பார். ஞானஸ்நானம் பெறாதவர் நன்மை வாங்கக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"என்னய்யா இது, வாராவாரம் பந்திக்குப் போறே, சாப்புடாம எந்திரிச்சு வர்றே?"

"பந்தி எங்க ஓடிப்போவுது? அப்பறமா ஒக்காந்துக்கறேன்" என்பார் அப்பா.

அவர் ஏன் காத்திருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நாங்கள் ஆதிதிராவிடர். இந்துவாக இருக்கும்வரை அந்தச் சான்றிதழ் கிடைக்கும், விடுதி கிடைக்கும், உதவித்தொகை கிடைக்கும். கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதிவிடுவார்கள். எங்களைப் படிக்கவைக்க அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் தானும் ஞானஸ்நானம் பெறவில்லை, எனக்கும் தங்கைக்கும் கொடுக்கவிடவுமில்லை. எழுதிக் கொடுத்த வாக்கை நினைத்து அம்மா அழுத நாட்கள் உண்டு.

அம்மாவின் தம்பி ஒருமுறை வீட்டுக்கு வந்து, சுலபமான வழி ஒன்று சொன்னார்.

"வாங்கிக்கிட்டு, கவர்மெண்டுல பழைய பேருலயே இருந்துடுங்க மச்சான். எத்தனை பேரு இருக்காங்க. எவன் வந்து கேக்கப்போறான்?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்: "தலையில தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி சாமியாரு கேப்பாருல்ல மாப்ள, சாத்தான விட்டுட்டியான்னு. விட்டுட்டேன்னு சொல்லிட்டு, மறுநாளே தாலுக்கா ஆபீசுல போயி இந்துன்னு கையெழுத்துப் போடவா? அப்பறம் அந்தத் தண்ணிக்கு என்ன மரியாதை?"

ஞானஸ்நானம் என்றால் என்னவென்று நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது எதுவும் இல்லை. அவருக்கு அது ஒரு சடங்கு அல்ல. ஒருமுறை சொல்லிவிட்டால் வாழ்நாள் முழுவதும் காப்பாற்ற வேண்டிய சொல். காப்பாற்ற முடியாத நிலையில் அதைச் சொல்ல அவர் மறுத்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி முடித்தவள் நான், முதல் பட்டதாரியும் நான். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். நாகூர் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக ஆணை கிடைத்தபோது, அப்பா அந்தத் தாளை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். அந்த வாரமே என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இப்ப நான் வாங்கிக்கலாமா?"

அனுமதி கேட்பதுபோலத்தான் கேட்டார். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் நினைப்பு. தங்கை அப்போது நர்சிங் முதலாண்டில் இருந்தாள்.

"பாப்பா முடிச்சிரட்டும்பா. இன்னும் மூணு வருஷந்தானே."

"சரிம்மா" என்றார். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. என் சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைத்திருக்க முடியும். அதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு சம்பா கொள்முதலின்போது, நண்பகல் வேளையில், லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அப்பாவோடு வேலைபார்த்த, நாங்கள் மாமா என்று அழைக்கும் ஒருவர் எனக்குப் போன் செய்தார். நான் வகுப்பறையில் இருந்தேன்.

"பாப்பா, அப்பாவுக்கு மூச்சு வாங்குதும்மா. நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. என்ன பண்ணட்டும்?"

"தலையில தண்ணி ஊத்துங்க மாமா, காத்து விடுங்க" என்றேன். பாட்டில் திறக்கும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் எனக்குக் கேட்டன. "ஊத்திட்டேன் பாப்பா, கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு" என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞானஸ்நானம் பெறாவிட்டாலும் சிறுவயதில் ஞாயிறுதோறும் ஞானோபதேச வகுப்புக்குப் போனவள் நான். சாகும் ஆபத்தில் இருப்பவர் விரும்பினால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அங்கே படித்த பாடம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபையின் எண்ணத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். மாமா இந்துதான். ஆனால் நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியிருப்பார். தண்ணீர் அப்பாவின் தலையில் விழுந்தது, போன் என் காதில் இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை.

மாலையில் சாமியார் வீட்டுக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க அவர் தயாராக இருந்தார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, குரல் உயர்த்தாமல் கேட்டார்.

"எந் தம்பி உங்காளுன்னு எழுத்து எதுனா இருக்குங்களா சாமி?"

இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அப்பாவின் பெயர் இல்லை. அம்மா சம்மதமாகத் தலையசைக்க, பெரியப்பா வீட்டார் அப்பாவை வாய்க்கால் கரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். அம்மாவுக்கு ஒருநாள் கல்லறைத் தோட்டம், அப்பாவுக்குச் சுடுகாடு என்று ஆகிவிட்டது.

பெறவேண்டும் என்று உண்மையாக ஆசைப்பட்டு, அதற்குள் இறந்தவரின் ஆசையையே கடவுள் ஞானஸ்நானமாக ஏற்றுக்கொள்வார் என்று சாமியார் விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஆசைப்பட்டாரு சாமி. நாங்கதான் காத்திருக்க வச்சிட்டோம்."

சாமியார் சொன்னது உண்மையாக இருக்கலாம். இந்த ஓராண்டில் அது எங்களுக்கு உதவவில்லை. தங்கையின் படிப்பு இன்னும் முடியவில்லை. "என்னாலயாக்கா?" என்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஞானஸ்நானம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அப்பா போல ஆசைப்பட எனக்குத் தெரியவில்லை.

துயரத்தில் துணைநின்ற கொள்முதல் நிலையத் தொழிலாளர்களுக்கும், இறுதிச் சடங்குச் செலவு முழுவதையும் ஏற்ற பெரியப்பாவுக்கும், தன் வருத்தத்தை வெளிக்காட்டாமல் சுடுகாடுவரை நடந்துவந்த சாமியாருக்கும் எங்கள் நன்றி. தண்ணீர் ஊற்றிய மாமாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பார்க்கும்போதெல்லாம் "எனக்குத் தெரியாமப் போச்சே பாப்பா" என்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மாமா. தெரிந்தவள் நான்தான்.

இந்த மலரின் அட்டையில் அப்பாவின் படத்துக்குமேல் எதுவும் அச்சிடப்படவில்லை. அச்சகத்தார் மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சிலுவை போடுவதா, ஓம் போடுவதா என்று அவர்கள் கேட்டார்கள். சிலுவை என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"வாங்காதத வாங்கினதாப் போட்டா அவருக்குப் பிடிக்காதும்மா. வெறுமனே விடச் சொல்லு."

வெறுமனே விட்டிருக்கிறோம்.