ஆமை, முயல், முருகன்

போன ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் ஓட்டினேன்.

சிரிக்காதீர்கள். பதுளை டவுனில் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் பாண் ரொட்டிக் கடைக்காரரிடம் நான் திட்டு வாங்கிய கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அப்படிப்பட்டவன், ஐம்பத்தேழு வயதில், நமுனுகுல மலை அடிவாரத்தில் அண்ணியின் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினேன். மொத்தம் நூறு அடி இருக்கும். அதற்குள் மூன்று தடவை எஞ்சின் நின்றது. ஒரு தடவை கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்தியில் ஏறி இறங்கினேன்.

"தம்பி, கோவா இப்பதான் உருட்டு புடிக்குது... அத விட்டுடுங்க!" என்று அண்ணி கத்தினார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இதற்குமேல் உள்ளது வேறு.

என் அண்ணன் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். அந்த ரோட்டு வளைவுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை! மழையிலும் பனியிலும் அவர் லொறி ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரே ஆசை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலம். அதில் தன் இஷ்டத்துக்கு ஒரு பயிர். காலடி மண்கூடக் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த ஆசையின் கனம் தெரியும்.

இரண்டு ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. உழுவதற்கு ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து அனுப்பியது.

வண்டி முழுக்க ஜப்பான் எழுத்து. விற்றவர் சாவியைக் கொடுத்து, ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எந்தக் கம்பியை இழுத்தால் எது நடக்கும்? கேட்க ஆளில்லை. ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் படங்கள் இருந்தன. ஒரு கம்பிக்கு அருகே ஆமை, முயல்.

"பாத்தியாடா தம்பி? ஆமையில போட்டா மெதுவா போகும், முயல்ல போட்டா ஓடும். ஜப்பான்காரன் படிக்காதவனுக்கும் சேத்துத்தான்டா செஞ்சிருக்கான்!" என்றார் அண்ணன்.

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். வலதுபக்க மட்கார்டு பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் ஒரு டிராக்டர் தலைகீழாகக் கிடந்தது. அதற்கு அடியில் ஒரு மனிதன்.

"என்னங்க இது? வண்டி வாங்குன அன்னைக்கே கவுந்து கெடக்குற படம்? மொதல்ல இதக் கிழிங்க."

அண்ணன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. கூடியிருந்தவர்கள் எல்லோர் முகமும் ஒருமாதிரி ஆகிவிட்டது. நல்ல காரியத்தில் இப்படியொரு அபசகுனமா?

நான் படித்தவன் இல்லையா... யோசனை உடனே வந்தது. என் பையில் கதிர்காமத்தில் வாங்கிய முருகன் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. எடுத்து அந்தப் படத்தின் மேலேயே ஒட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. வேலும் மயிலுமாக முருகன் சிரித்தார். ஜனங்களும் சிரித்தார்கள்.

"தம்பின்னா தம்பிதான்" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் அண்ணன் வண்டியைப் பழகிவிட்டார். டிராக்டருக்கு இரண்டு பிரேக். வலது டயருக்கு ஒன்று, இடது டயருக்கு ஒன்று. பாத்தி முடிகிற இடத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். "லொறியில ஒரு பிரேக்க வச்சுக்கிட்டு இத்தன வருஷம் பட்டது போதும்னு ரெண்டா குடுத்திருக்கான்" என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் திருப்பிக் காட்டினார்.

நான்காவது வாரம், தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற சரிவில் டிராக்டர் கவிழ்ந்தது. அண்ணன் அதன் அடியில். ஆட்கள் ஓடிவந்து புரட்டித் தூக்குவதற்குள் போய்விட்டார்.

ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். இதை எழுத எனக்குப் பதினொரு மாதம் ஆனது.

கண் பட்டுவிட்டது என்றார்கள். விதி என்றார்கள். ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். டிராக்டர் லயத்துக் கோடியில் தார்ப்பாய்ப் படங்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அண்ணி விற்கச் சம்மதிக்கவில்லை. இன்னமும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். வேலை முடிந்து வந்து, மண்வெட்டியால் கொத்தி ஒரு மூலையில் மட்டும் கோவா போட்டிருந்தார். மற்றதெல்லாம் தரிசு. இந்தப் போகமும் இப்படியே கிடந்தால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்தின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

"அவரு ஆசப்பட்டது டெக்டருக்கு இல்ல தம்பி, அந்த நெலத்துக்கு. அது கைய விட்டுப் போச்சுன்னா அவரு செத்ததுக்கு என்ன அர்த்தம்? நானே ஓட்டிப் பழகுறேன். தனியா ஏறத்தான் பயமா இருக்கு... நீங்களும் கூட வாங்க."

எப்படி மறுப்பது? போனேன்.

பழக்கிவிட வந்தவர் பசறைப் பக்கத்து மெக்கானிக், சுனில் பாஸ். கைத்தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். காலையெல்லாம் பேட்டரி, டீசல் என்று மல்லுக்கட்டி வண்டிக்கு உயிர் கொடுத்தார். அண்ணி ஏறியதும் முதலில் ஆமையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முயலை. ஆமையில் போட்டு, ஒருதடவைகூட எஞ்சினை நிறுத்தாமல் தோட்டத்தைச் சுற்றி வந்தார். அடுத்து நான் ஏறி நிகழ்த்திய வீரத்தைத்தான் முதலிலேயே சொன்னேனே.

சரிவுக்கு இறங்குவதற்குமுன் பாஸ் குனிந்து பிரேக்கைப் பார்த்தார்.

"சேர், இந்தக் கொக்கிய போடலியா?"

இரண்டு பிரேக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிற ஒரு சின்ன இரும்புக் கொக்கி. என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"தோட்டத்துக்குள்ள கழட்டி வைக்கலாம். ரோட்டுக்கு எறங்கினா கட்டாயம் போடணும் சேர். இல்லாட்டி காலு ஒரு பிரேக்குலதான் படும். ஒரு பக்கத்து டயரு மட்டும் நிக்கும். வண்டி அப்படியே..."

நெளிந்துகிடந்த மட்கார்டு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"இதெல்லாம் எங்களுக்கு எப்படிங்க பாஸ் தெரியும்? எல்லாமே ஜப்பான் எழுத்து" என்றேன்.

"எழுத்து என்னத்துக்கு சேர்? படம் போட்டிருப்பான். மஞ்ச ஸ்டிக்கர். இந்த எடத்துலதான் இருக்கும்..."

அவர் விரல் போய் நின்ற இடத்தில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணிதான், "கழட்டுங்க பாஸ்" என்றார்.

துணியில் டீசலை நனைத்து, கிழியாமல் மெதுவாக உரித்தார் அவர். கீழே அதே படம். தலைகீழாக டிராக்டர், அடியில் மனிதன். அதற்கும் கீழே, அன்றைக்கு நாங்கள் யாருமே பார்க்காத இன்னும் இரண்டு சின்னப் படங்கள். கொக்கி கழன்ற பிரேக். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கொக்கி மாட்டிய பிரேக். பக்கத்தில் சரியென்று ஒரு வட்டம். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஆமையைப் படித்தவர் என் அண்ணன். முயலைப் படித்தவர். இதையும் படித்திருப்பார். படிக்கவிடாமல் மறைத்தவன் நான். என் கையால், அழுத்தித் தேய்த்து, ஓரம்கூடத் தூக்காமல் ஒட்டினேன்.

பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வயதுக்குமேல் இப்படிச் சத்தம்போட்டு அழ முடியும் என்று எனக்கே தெரியாது.

அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படம் ஆகாதுன்னு சொன்னது நான்தானே தம்பி."

"ஒட்டுனது நான் அண்ணி."

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நீங்க எதுக்கு ஒட்டப் போறீங்க?"

சொத்துக்குச் சண்டை போடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பழி எனக்குத்தான், உனக்கில்லை என்று நாங்கள் இருவரும் போட்ட சண்டையை வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசிவரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்று யோசித்தேன். கெட்டதைச் சொல்லக்கூடாது, கெட்டதைப் பார்க்கக்கூடாது என்றே வளர்ந்தவர்கள் நாம். நோயின் பெயரைச் சொல்லமாட்டோம். சாவு என்ற சொல்லைச் சுபகாரியத்தில் எடுக்கமாட்டோம். எங்கள் லயத்துக்கு மேலே மண்சரிவு எச்சரிக்கைப் பலகை ஒன்று நிற்கிறது... அதன் மேல் போன வருடத் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா?

அண்ணி எழுந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பாஸின் கையிலிருந்த முருகனை வாங்கி, முன்பக்கம், விளக்குக்கு மேலே வைத்து அழுத்தினார். பசை சரியாகப் பிடிக்கவில்லை. கோவா பாத்திக் களிமண்ணை ஓரத்தில் அப்பி நிறுத்தினார்.

பிறகு வண்டியில் ஏறினார். குனிந்து கொக்கியைப் போட்டார். ஆமையில் வைத்தார்.

சரிவில் பாஸ் கூடவே நடந்தார். நான் பின்னால். அண்ணன் கவிழ்ந்த அந்த இடம் வந்ததும் அண்ணி பிரேக்கை மிதித்தார். வண்டி ஆடாமல், அசையாமல், நேராக நின்றது. அவ்வளவு சுலபமாக நின்றது. அதைத் தாங்க முடியாமல்தான் அண்ணி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பதினொரு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நாங்கள் காத்திருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அண்ணி நிமிர்ந்து, அந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டிச் சொன்னார்: "முருகன் எங்க நின்னாலும் நம்மளப் பாத்துக்குவாரு தம்பி. இதை நாமதான் பாக்கணும்."

உங்கள் வண்டியில் சாமி படம் எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்... அடியில் என்ன இருக்கிறது?