நான்காவது மவுஸ்

சிதம்பரத்தில் பத்திரம் டைப் செய்வது என் பிழைப்பு. சில மாதங்களாக, திறப்பதற்காக இரண்டு முறை தட்டினால் ஃபைல் திறக்காமல் வேறெங்காவது இழுபட்டுப் போனது. மூன்று மவுஸ் மாற்றி, விற்ற கடைக்காரர்களையும் திட்டித் தீர்த்துவிட்டேன். நான்காவது வாங்க, லேப்டாப்போடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

கடையிலிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மணிக்கட்டில் வளையல்போல ஒரு பிளாஸ்டர் சுருள். எதை மாற்றினாலும் பழைய அளவை அதில் எழுதி மெஷினின் அடியில் ஒட்டிவிடுவது அவர் வழக்கமாம்.

“ஒரு ஃபைல தொறந்து காட்டுங்க சார்.”

தட்டினேன். ஃபைல் நகர்ந்தது. இன்னொரு முறை தட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, சாதாரணமாக யாரும் நுழையாத, கம்ப்யூட்டரின் உள் அமைப்பான ரெஜிஸ்ட்ரிக்குள் போய் மவுஸுக்கான எண்களை மாற்றி, மெஷினை அணைத்து மறுபடி போட்டார். இப்போது தட்டியதும் திறந்தது.

“மவுஸ்ல என்னம்மா கோளாறு?”

“மவுஸ் நல்லாத்தான் இருக்குது சார். ரெண்டு தட்டுக்கு நடுவுல அம்பு துளி நகந்தாலும் கம்ப்யூட்டரு ஒத்துக்காது. அதுக்குப் பொறுமை கம்மி. கொஞ்சம் ஜாஸ்தி பண்ணியிருக்கேன்.”

புது மவுஸ் தரவே இல்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டரில் எழுதியிருந்தது: “பழசு 4. இப்ப 20. போகப்போகப் பத்தலன்னா வாங்க, கூட்டிக்கலாம்.”

வலது கை நடுங்குவதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை.