வெள்ளைப் பூ கொண்டுவந்த ரேக்ளா

முருகனை நம்பி வாழும் அன்பர்களே, ஜெர்மன் சண்டை ஓய்ந்து வந்த மார்கழியில் நான் அழுததுபோல் என்றும் அழுததில்லை. எங்கள் உழவு ஜோடியில் ஒரு காளை கோமாரியில் விழுந்துவிட்டது. காளைக்காகக் கொஞ்சம் அழுதேன், எனக்காக நிறைய அழுதேன். உள்ளதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ரேக்ளா வண்டிமேல் ஆசை. ஒருவர், நெருக்கினால் இருவர் உட்காரும் இலேசான வண்டி. ஒற்றைக் காளையைப் பூட்டித் தட்டிவிட்டால் போடியிலிருந்து ராசிங்காபுரம் வரை புழுதிதான் தெரியும், வண்டி தெரியாது! ஏலக்காய் மண்டியில் நான் வாங்கிய சம்பளமெல்லாம் வீட்டுப் பெட்டிக்குள் போயிற்று. "மலையில காய் நல்லா எறங்கட்டும், வாங்கிக்க" என்று என்னைப் பெற்ற அய்யா வாக்குக் கொடுத்திருந்தார். காயும் இறங்கியது. அதே வாரம் காளை செத்தது. ஒற்றை மாட்டை வைத்து எப்படி உழுவது? பெட்டிப் பணம் இன்னொரு உழவு மாட்டுக்குத்தான் என்று ஆகிவிட்டது.

அன்று மலையடிவாரக் கோயிலில் நின்றேன். "முருகா, உனக்கு ஏற மயில் இருக்கிறது. எனக்கு?" வேறு மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை.

தைப்பூசம் கழிந்து சந்தை கூடியது. அய்யாவும் நானும் மாடு பார்க்கப் போனோம். பொட்டிபுரத்துக்காரர் ஒருவர் செவலைக் காளையும் ஒரு ரேக்ளாவுமாக நின்றார். காளைக்கு மான் கால். உழவும் பழகியது. ஆனாலும் யாரும் கிட்டப் போகவில்லை. அதன் முதுகு மயிரில் பாடைச்சுழி இருந்தது. அந்தச் சுழி உள்ள மாடு வந்தால் வீட்டுத் தலைவர் நிலைக்கமாட்டார் என்று எங்கள் பக்கம் பயம்.

"மாட்டு வெலைக்கே வண்டியையும் பிடிச்சுட்டுப் போங்கண்ணே. ரெண்டையும் வெளிய தள்ளாம வீட்டுக்கு வராதன்னுட்டா என் பொஞ்சாதி" என்றார் அவர். பொழுது சாயும்வரை காத்திருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னோம். "சாகப்போறது நான்தான? எனக்குச் சம்மதம்" என்று அய்யா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்குச் சம்மதம்னா போதுமா? தாலி என் கழுத்துலல்ல கெடக்கு? சாமிகிட்டப் பூக் கேப்போம். வெள்ளை வந்தா வாங்கு அப்பு. செவப்பு வந்தா இந்த வீட்டுல வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது."

கோயிலில் அக்கா வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. என் முகத்தைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை போலும்.

"தம்பி, ரெண்டுலயும் வெள்ளையவே வச்சுறவா? அம்மாவுக்குத் தெரியாது" என்றாள் காதோடு.

நான் அவள் கையைப் பிடித்தேன். "வேணாங்கா. அய்யா உசுரு. சாமியே சொல்லட்டும்."

பொட்டலங்களைச் சந்நிதியில் போட்டார்கள். அக்காவின் சின்ன மகள் ஒன்றை எடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பூசாரி அவிழ்த்தார்.

வெள்ளை!

அம்மா நேரே சந்தைக்கு நடந்தாள். அந்தச் சுழிமேலேயே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். "வாய்யா, வெரசா நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று காளையைத் தட்டிக்கொடுத்தாள்.

அது ஆகி அடுத்த காய்ப்பும் வந்துவிட்டது. அய்யா முன்னைவிடத் திடமாக இருக்கிறார். செவலை காலையில் உழுகிறது, மாலையில் பறக்கிறது. பந்தயத்தில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை, அதனால் என்ன? வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து கோயிலுக்கு வருகிறாள். "பையப் போடா" என்றுதான் ஏறுவாள். ஊர் எல்லை தாண்டியதும், "இன்னும் கொஞ்சம் தட்டேன்" என்பாள்.

அன்பர்களே, சின்ன ஆசைதானே என்று கூச்சப்படாமல் அவனிடம் கேளுங்கள். கேட்டபின் பொட்டலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.